ஒரே சிடியில் அடங்காத கல்யாணம்

நல்லேப்பிள்ளி,
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை.

சின்னக்கானலில் ஏலத்தோட்டத்துக்கும் பனிக்கும் நடுவில் குடியிருக்கும் என் தங்கை வேலாத்தாளுக்கு, அக்கா பெரியம்மாள் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தையும், ஆபரேஷன் செய்த முட்டியின் சுகத்தையும், உன்னைக் கட்டிய பழனிச்சாமி மாப்பிள்ளையின் சுகத்தையும் முறைப்படி கேட்டுக்கொள்கிறேன். உனக்கு அம்மை போட்ட வருஷம் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நீ எட்டாவது வரைக்கும் போனாய். அதனால் இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அது உன்னுடையது.

முதலில், உனக்குக் கல்யாணச் சிடி எழுதப் போன அன்றைக்குக் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பக் கூடாது. நான் இருந்தேன். என் மகன், கல்யாணப்பெண்ணின் அப்பன் ஆனந்தகுமார் இருந்தான். நம் அண்ணன் பொங்கியண்ணன் யாரும் கூப்பிடாமலே வந்து, இருந்ததிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் பேத்தி நர்மதாவின் மாமியார், பொள்ளாச்சிச் சம்பந்தி ருக்மணி, தன் பக்கத்து ஆட்களைப் படத்திலிருந்து நாங்கள் வெட்டிவிடுவோம் என்று பயந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கல்யாணத்தைப் படம் பிடித்த ஜிஜோ இருந்தான். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற அவன் மனைவி பின்சி இருந்தாள். இத்தனை பேரும் உன் ஒருத்திக்காகக் கூடினோம் என்பதை ஞாபகத்தில் வை.

நீ மாப்பிள்ளையை விட்டுப் போனில் சொல்லச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என்னைய ஆரும் முறையாக் கூப்புடல, அதனால கல்யாணத்துக்கு வரல. ஆனா நான் தலை பின்னி இஸ்கூலுக்கு அனுப்புன புள்ளைக்குத் தாலி ஏறுறத என்ற கண்ணுல பாத்துப்போடணும். சிடி போட்டு அனுப்பச் சொல்லுங்க." கூப்பிடவில்லையா? ஆனந்தகுமார் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்துக் காரில் உன் வீட்டுக்குத்தான் புறப்பட்டு வந்தான். உன் வீட்டுக்கு ஏறுகிற வளைவில் ஒரு யானை குறுக்கே நின்றுகொண்டு, எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாமல், ஒரு காதை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததாம். இவன் மத்தியானம் வரை அதைப் பார்த்தான், அது இவனைப் பார்த்தது. கடைசியில் தட்டைக் கீழே ஷிஜுவின் டீக்கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். ஷிஜு பத்திரிகையை மட்டும் உன்னிடம் சேர்த்தான். வெற்றிலை பாக்கை அவன் அம்மா போட்டுவிட்டாள். வெற்றிலை இல்லாத பத்திரிகை வெறும் காகிதம், டீக்கடைக்காரன் கையால் அதை வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக நான் என்ன வழியில் போகிறவளா என்று நீ கேட்டாயாம். கேட்டது சரிதான். ஆனால் எனக்குப் பிறகு பிறந்தவள் நீ கேட்டால் சரி, உனக்கு முன்னால் பிறந்தவள் நான் கேட்டால் அது மட்டும் எப்படிச் சண்டையாகிறது?

நர்மதா முதலில் படத்தைப் போனிலேயே அனுப்பிப் பார்த்தாள். பழனிச்சாமி மாப்பிள்ளை ரேஞ்சு கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்றாராம். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பனி வந்து மூடி, வட்டமும் தெரியாமல் போய், இறங்கிவிட்டார். ஆகவே உன் வீட்டு டிவிக்கு அடியில் இருக்கிற பழைய பிளேயர்தான் கதி என்று முடிவானது. அதில் போடுகிற சிடி ஒன்று எழுதி வாங்கத்தான் போனோம். ஜிஜோ ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குக் கறுப்பாக எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தான். அதற்குள்தான் நம் கல்யாணம் முழுவதும், பந்தியோடும் மேளத்தோடும், மூச்சு விடாமல் படுத்திருக்கிறதாம். அறை இருட்டு. ஏசி போட்டிருந்தார்கள். திரையில் மண்டபத்து வாழைமரம் எழுந்து நின்று ஆடியது. எனக்கு அப்போதே பாதி தூக்கம் வந்துவிட்டது.

ஜிஜோ சொன்னான்: "அம்மே, இது எட்டர ஜிபி உண்டு. ஒரு டிவிடியில நாலரையே கேறுள்ளூ. இதுக்குள்ள ஒதுங்காது."

"அதென்னடா ஜிபி?" என்று அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"நாலு படிப் பானையில எட்டுப் படி அரிசியப் போட்டுப் பொங்க முடியாதுங்கறானுங்கண்ணா, அவ்வளவுதான்" என்றேன். அவருக்கு உடனே புரிந்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மடங்கு பிடிக்கிற சிடி ஒன்று உண்டாம். அது இந்தப் பக்கம் கிடைக்காதாம், கிடைத்தாலும் உன் பிளேயர் அதைத் துப்பிவிடுமாம். உன் வீட்டில் இருப்பது எல்லாமே உன்னைப் போலத்தான்.

இரண்டு சிடியாகப் போட்டுவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றான் ஜிஜோ. போடச் சொல்லிப் பார்த்தோம். முதல் சிடி எங்கே முடிகிறது தெரியுமா? மாப்பிள்ளைப் பையன் தாலியைக் கையில் எடுத்துக் குனிகிறான். நர்மதா தலையைத் தாழ்த்துகிறாள். அங்கே நின்றுவிடுகிறது. முடிச்சு விழுவது இரண்டாவது சிடியில். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ அந்த முட்டியை வைத்துக்கொண்டு எழுந்துபோய் சிடியை மாற்ற வேண்டும். அதற்குள் உன் மலையில் கரண்டு போகும். ஒரு வாரம் வராது. அந்த ஒரு வாரமும் என் பேத்தி கழுத்தைக் குனிந்துகொண்டு, தாலி ஏறாமல், மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? கல்யாணத்தை இரண்டாகப் பிளக்கிற பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. அண்ணனும் கண்ணைத் திறக்காமலே "ஆவாது" என்றார். நானும் அவரும் ஒத்துப்போனது அப்பா செத்த பிறகு இதுதான் முதல் தடவை.

"அப்ப வெட்டணும்" என்றாள் பின்சி. அவள் தன்னிச்சையாக ஏற்கனவே கொஞ்சம் வெட்டி வைத்திருந்தாள். நல்ல பெண்தான், ஆனால் பாலா என்கிற ஊருக்கும் அந்தப் பக்கத்து மலையாளத்துப் பிள்ளை, நம் முறை எதுவும் தெரியாது. ஓட்டிக் காட்டினாள். மாப்பிள்ளை மேடைக்கு வருகிறான், அடுத்து நர்மதா வருகிறாள். நடுவில் இணைச்சீரைக் காணோம். ருக்மணி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏனுங், என்ற புள்ள எங்க? அண்ணங்கூட உக்காந்து இணைச்சீர் செஞ்ச என்ற புள்ள எங்கீங்க?"

பின்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ அம்மே, ஆ சேச்சி பெங்ஙளா, கூடப்பொறந்ததா? பையன் பக்கத்துல பட்டுச்சேல கட்டி வேற ஒரு பெண்ணு இருக்குது, ரெண்டு பேரும் ஒரே சேலயப் பிடிச்சிருக்குது. ஞான் விசாரிச்சது..." என்று நிறுத்தினாள்.

"என்ன நெனச்சே?"

"முதல்ல ஒரு பெண்ணு பேசி வெச்சு, கடைசியில மாறிப்போச்சுன்னு. வீட்டுக்காருக்குச் சங்கடம் ஆவும்னு வெட்டிக் களஞ்சேன்."

கூடப்பிறந்தவளை அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்து, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவள் கையில் கொடுத்து, கல்யாணமானாலும் உனக்கு இந்த வீட்டில் உரிமை உண்டு என்று ஊரறியச் செய்கிற சீரை, மாறிப்போன சம்பந்தமாக்கிவிட்டாள். ஆனந்தகுமார் சிரிப்பை அடக்க வெளியே போனான். நான் அடக்கவில்லை. ருக்மணி அதைப் பார்த்தாள். இணைச்சீர் முழுவதும் திரும்பச் சேர்ந்தது, பானை மறுபடி பொங்கி வழிந்தது.

பிறகு நான் சொன்னேன்: நல்லது செய்தவர்களை வைத்துக்கொள்வோம், மற்றவர்களை எடுத்துவிடுவோம். என் ஞாபகம் உனக்குத் தெரியும். திரையில் ஒவ்வொருத்தராக வர வர நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த மாம்பழக் கலர் சேலை, என் மூத்தவள் காதுகுத்துக்கு வந்து சாப்பிடாமல் போனவள், எடு. இந்த மீசை, கிணற்றுத் தகராறில் அந்தப் பக்கம் சாட்சி சொன்னவர், எடு. இவள் நம் அம்மா சாவுக்குச் சிவப்பு ரவிக்கை போட்டு வந்தவள், எடு, எடு. பின்சி பாவம் சளைக்காமல் குறித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "அம்மே, இவங்களை எடுத்தா கல்யாணப்பெண்ணும் போகும்." பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மாம்பழக் கலர் சேலைக்காரிதான் நர்மதாவின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சாட்சி சொன்ன மீசை, அண்ணன் படியில் தடுக்கியபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஆகாதவர்கள் யாருமே தனியாக ஒரு ஓரத்தில் நிற்கவில்லை, வேலா. எல்லோரும் வேண்டியவர்கள்மேல் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இது என்ன அநியாயம்.

ஜிஜோவின் பறக்கிற கேமராவை வெட்டலாம் என்றால் அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. மேலே இருந்து எடுத்தது. நம் மண்டபம் தீப்பெட்டி மாதிரி, சுற்றிலும் நடவு முடிந்த வயல், வயலில் தேங்கின தண்ணீருக்குள் மேகம், அந்த மேகத்தின் மேல் ஒரு கொக்கு நடக்கிறது. மனிதர்கள் எறும்பு மாதிரி மண்டபத்துக்குள் போகிறார்கள், வருகிறார்கள். எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் அவ்வளவு உயரத்தில் கேட்காது போலிருக்கிறது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே மேலே இருந்துவிட்டேன். ருக்மணி முழங்கையால் இடித்த பிறகுதான் இறங்கினேன்.

வெட்டாமல் ஆகாதென்றால் அமுக்கலாம் என்றான் ஜிஜோ. அமுக்கினால் எல்லாம் இருக்கும், கொஞ்சம் மங்கும். அமுக்கினார்கள். ஐயோ, அதை நீ பார்த்திருக்க வேண்டும். மேடை உருகிவிட்டது. குத்துவிளக்குச் சுடர் கட்டம் கட்டமாகப் பெயர்ந்து மிதந்தது. நர்மதாவின் தலைப்பூ மேகமாகி, முகத்தின்மேல் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. உன் ஊர்ப் பனி அத்தனையும் இறங்கிவந்து எங்கள் கல்யாணத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். நடமாடிய கிழவிகள் ஒருத்திக்கும் முகம் இல்லை. முகம் போன பிறகு எல்லோருக்கும் நம் அம்மாவின் நடை வந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, கையில் தூக்குப்போசி இருப்பதுபோல, இல்லாதபோதும் அது சிந்திவிடாதபடி நடப்பாளே, அந்த நடை. ஒருத்தி அப்படியே மேடையைக் கடந்து, நர்மதாவின் தலையைத் தொட்டுவிட்டு, பனிக்குள் போய்விட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அது என்ற நாத்தனாருங்க. போசியில மோரு இருந்துச்சு" என்றாள் ருக்மணி.

எனக்கு வேண்டுமானால் அந்தப் படமே போதும். ஆனால் நீ கேட்டது பிள்ளையின் முகம். முகம் தெரியாத கல்யாணத்தை உனக்கு அனுப்பினால், பத்திரிகையில் மோசம் செய்தீர்கள், படத்திலும் மோசம் செய்துவிட்டீர்கள் என்று சொல்வாய். அமுக்கினதை விரிக்கச் சொல்லிவிட்டேன்.

இனிமேல் ஒரே வழிதான், சத்தம் அதிக இடம் பிடிக்கிறது, அதைக் குறைத்துப் பார்க்கலாம் என்று ஜிஜோ சத்தத்தைப் பெரிதாக வைத்துக் காட்டினான். மாப்பிள்ளைப் பையனின் சட்டையில் சின்ன மைக் குத்தியிருந்தானாம், பாவி, யாரிடமும் சொல்லவில்லை. மேளம் கேட்டது. மேளத்துக்கு அடியில் ருக்மணியின் குரல், மகன் காதோரம், தெளிவாக, அறை முழுக்க.

"பொண்ணோட அப்பத்தாக்காரியப் பாத்தியா கண்ணு? கல்யாணம் பண்ணிக் குடுக்கறாளா, கட்டப்பஞ்சாயத்துக்கு உக்காந்திருக்கறாளான்னு தெரியல."

அடுத்தது, மேடைக்குக் கீழே முதல் வரிசையிலிருந்து என் குரல். "காது நல்லாக் கேக்குதுங் சம்பந்தி. உங்கூட்டுல இருந்து வந்தவீங்க மூணாவது பந்தியிலயும் உக்காந்திருக்கறாங்களே, அதையும் அப்படியே எண்ணிப்போடுங்க."

"பாயசம் தண்ணியா இருந்துச்சுங்க, அதான் வயிறு நெறயல."

"வயிறு நெறயறதுக்குப் பாயசம் என்னுங்க பண்ணும், மனசு நெறயோணும்."

நடுவில் சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் வாழ்த்துகிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது, தாலி ஏறுகிறது, நாங்கள் நிறுத்தவே இல்லை. அண்ணன் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பின்சி கீபோர்டைத் துடைத்தாள். நானும் ருக்மணியும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "சத்தத்த எடுத்துப்போடு கண்ணு."

"குறச்சா மதியல்லோ, போதுமே?" என்றான் ஜிஜோ.

"பூராத்தையும் எடு" என்றாள் அவள். "துளி இருக்கக் கூடாது" என்றேன் நான். பிறகு பந்தியில் திரும்பத் திரும்ப வந்த ரசத்தைக் கொஞ்சம் எடுத்து, கொக்கை வைத்துக்கொண்டு வயலைக் கொஞ்சம் எடுத்து, ஒரு வழியாக அடங்கியது. முதல் சிடி எழுதி முடிகிற நேரத்தில் கரண்டு போய் வீணாகிவிட்டது. அதை அண்ணன் பருந்தை விரட்டக் கோழிக்கூண்டில் தொங்கவிடக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாவதில் எல்லாம் வந்தது. ஒரே சிடி. ஒரு முடிச்சும் பிரியாத கல்யாணம்.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். விருந்துக்கு வந்திருந்த நர்மதாவும் மாப்பிள்ளையும் பாயில் உட்கார்ந்தார்கள். சத்தமில்லாமல் எல்லோரும் வாயைத் திறந்து மூடுகிறார்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்கு அடியில் நடக்கிற கல்யாணம் மாதிரி இருந்தது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் புதுமாப்பிள்ளை, "எங்க பெரியப்பா என்ன சொல்றாருன்னு தெரியலயே" என்றார். "பஸ்ஸு லேட்டு, பசிக்குதுன்னு சொல்றாருங்க" என்றேன். அப்புறம் அடுத்தவள், அடுத்தவர், சமையல்காரன், பூக்காரி. யார் எந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். உதட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டார்கள்.

முகூர்த்தம் வந்தது. முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் கட்டைப்பை. தாலிக்கு முந்தி நெடுநேரம் அந்த நாற்காலிப் பக்கம் சாய்ந்து சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பத்தா, அங்க ஆருமே இல்ல. ஆரோட பேசறீங்க?" என்று நர்மதா கேட்டாள்.

மற்ற எல்லோருக்கும் குரல் கொடுத்தவள் அங்கே வாயை மூடிக்கொண்டேன். உனக்கு எழுதுகிறேன். பையைப் போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். நீ வந்தால் கடைசி நேரத்தில்தான் வருவாய் என்று தெரியும். நான் அந்த நாற்காலியிடம் சொன்னது இதுதான்: "வேலா, பாருடி. அஞ்சு காலுப் பின்னலுதான் வேணும், எங்க சின்ன அப்பத்தா போடற மாதிரியே போடுங்கன்னு பியூட்டி பார்லர்காரிகிட்டச் சண்ட போட்டு வாங்கியிருக்கறா உன்ற புள்ள."

ஆகவே வேலாத்தாள் அறிவது. மைக் வைத்த ஜிஜோவை மன்னித்துவிட்டேன். இணைச்சீரை வெட்டிய பின்சியை, சிரிக்க வைத்ததற்காக மன்னித்துவிட்டேன். பாதி வழியில் திரும்பிய ஆனந்தகுமாரை, பெற்றதால் மன்னித்தாக வேண்டும். மாம்பழக் கலர் சேலையையும் மீசையையும் படத்தைவிட்டு எடுக்க முடியாததால் மனதிலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் மன்னிக்கவே மாட்டேன் என்று வைத்திருப்பது ஒருத்தியைத்தான். மேடையில் தேடினேன், பந்தியில் தேடினேன், மேலே பறந்து எடுத்ததில் எறும்பு எறும்பாகத் தேடினேன். எங்கேயும் இல்லாத வேலாத்தாளை.

முட்டிக்கு ஒத்தடம் கொடு. மழைக்காலத்தில் வெளி வாசலில் தனியாக நிற்காதே. மாப்பிள்ளைக்கு என் மரியாதை. நம் குலதெய்வம் உன்னைக் கண்கலங்காமல் வைக்கட்டும், எனக்குப் பதில் எழுதுகிற புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
பெரியம்மாள்.

பி.கு.: ஆனந்தகுமார் கவரை ஒட்ட வந்தபோது சிடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சத்தமில்லாத கல்யாணத்தை நீ தனியாக உட்கார்ந்து பார்த்தால் என்ன விளங்கும்? அதன் சத்தம் முழுவதும் என்னிடம் இருக்கிறது. அதனால் சிடியோடு நானே ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டுதான். மேலே உன்னைப் பற்றி எழுதினதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பேனாவால் அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும். ஆனால், தன் பேச்சை நான் கூட்டிச் சொல்லிவிடுவேனாம், கூடவே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம் என்று ஒருத்தி பொள்ளாச்சியில் ஏறிக்கொள்கிறாள். தலைச்சுற்றல் வரும் என்று கார் முன் சீட்டையும் இப்போதே கேட்டு வாங்கிவிட்டாள். மறையூர் வளைவு முழுக்க நான் பின்னால் உட்கார்ந்து குலுங்க வேண்டும். உன்னை விட்டுவிட்டதால் மன்னிக்காதவளின் இடம் இப்போது காலியாக இருக்கிறது. அதைச் சும்மா போட்டு வைத்து எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் நான் மன்னிக்காதது ருக்மணியை.